ரத்னபாயின் குரல் போன தூரம்

திருப்புறத்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் ராபின்சனுக்கு, எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு பரிமாறும் மனைவி ரத்னபாயின் குரல் ஒரு ஃபர்லாங்குக்கு அப்பாலிருந்து வரத் தொடங்கியது, ஈஸ்டர் கழிந்த வாரத்தில். ஆள் அங்கேயே இருந்தாள். குரல்தான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் பேச்சு பிசகில்லாமல் கேட்டது. காதில் குற்றமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கெட்டுன நாள் முதலு அவ கேட்டதுக்கெல்லாம் இவரு ம்-ன்னு மட்டும் மறுபடி சொன்னா, குரலு பின்ன அங்கயே குத்தியிருக்குமாக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டு விமலகுமாரி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி.

ராபின்சன் இதைத் தொழில் சங்கதியாகவே எடுத்துக்கொண்டான். தூரம் இரட்டித்தால் சத்தம் ஆறு டெசிபல் குறையும். அதை மீட்க நாலு மடங்கு வாட் வேண்டும். அவள் கழுத்தில் காலர் மைக் மாட்டி, பெட்டி ஸ்பீக்கர் வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். குரலும் வாரத்துக்கு ஒரு இரட்டிப்பாக அமரவிளை தாண்டி, கள்ளிக்காடும் தாண்டிற்று. ஆம்ப்ளிஃபயர் இழுத்த கரண்டில் வீட்டு விளக்குகள் மங்கியபோதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. அதே ஒரு வாட்டைக் கொடுத்தால் எது உரக்கக் கத்துமோ அதுதான் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர். அதில் பெட்டியெல்லாம் வாய் அகன்ற கோளாம்பிக் குழாயின் கால்தூசி பெறாது. நாலு கோளாம்பிகளைத் தென்னையில் ஏற்றிக் கட்டினான்.

அன்று சாயங்காலம் ஊரே அவளைக் கேட்டது.

"இஞ்ச பாருங்க, நான் எங்கயும் போவல்ல. ஒரு மட்டம் எம்பேரச் சொல்லி விளியுங்க, குரலு தானா திரும்பி வரும்."

பஸ்ஸை நிறுத்தி டிரைவர் எட்டிப் பார்த்தான். விமலகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மதிலடியை விட்டு அசையவில்லை. ராபின்சன் கையிலிருந்த சத்தமானியைத்தான் பார்த்தான். "நூத்திப்பத்து காட்டுது! எனக்குக் கொசு மூளுத மாதிரிதான் இருக்கு."

"எலே மக்கா, பேரச் சொல்லி விளிக்கச் சொல்லுதாலே!" என்று டீக்கடைப் பொன்னப்பன் அவன் காதருகே கத்தினான்.

"மொதல்ல எனக்குக் கேக்கட்டு. பெறவு விளிக்கேன்," என்று ராபின்சன் ஐந்தாவது கோளாம்பியோடு தென்னையில் ஏறினான்.

அதன்பின் தன் பேரை விளிக்கும்படி அவள் கேட்கவில்லை. இப்போது ராத்திரிச் சாப்பாட்டு வேளையில், "மீன்ல உப்பு உண்டுமா?" என்று கோளாம்பிகள் கேட்கும். தெருவில் போகிற யாராவது, "உண்டு அக்கா, பாகமா உண்டு" என்பார்கள், தின்று பார்த்த மாதிரி. அவள் ராபின்சனின் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறுவாள்.