புருடான் வரைந்த படம்

கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் சிவராமகிருஷ்ணனுக்கு மேலே ஏழு மேனேஜர்கள். சனி, ஞாயிறிலாவது தமக்கு மேலே யாரும் இருக்கக் கூடாது என்பது அவருடைய எளிய ஆசை. அதற்கு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரத் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிதான் வழி. பதவி விலகப்போகும் தலைவர் கஸ்தூரிரங்கன் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் அடுத்தவர். ஆகவே 1986 ஆகஸ்டில் ஒரு ஞாயிறன்று சிவராமகிருஷ்ணன் செயற்குழுவையே சாப்பாட்டுக்கு அழைத்தார். ரசனை உள்ளவர் என்பது வாசலிலேயே தெரியட்டும் என்று, டிவிக்கு மேலே ஒரு பிரெஞ்சு ஓவியத்தின் அச்சுப் பிரதியையும் மாட்டினார்.

நிலா வெளிச்சத்தில் ஒரு கொலைகாரன் ஓடுகிறான். சிறகு முளைத்த இரண்டு பேர் ஆகாயத்தில் துரத்துகிறார்கள். கீழே துணியில்லாத பிணம். பிணத்தை மறைத்து அவர் மனைவி விசாலாக்ஷி டிவி மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி வைத்திருந்தாள்.

நியோகிளாசிசிசம், ரொமாண்டிசிசம் என்ற இரண்டு ஓவியப் பாணிகளும் கைகுலுக்கும் இடம் இதுதான் என்று சிவராமகிருஷ்ணன் மனப்பாடமாக ஒப்பித்தார். செயற்குழு வடையைக் கடித்தபடி தலையாட்டியது.

"ஓடறவனுக்கு கிரீன் கார்டு இல்லையோ? மேல வரது இமிக்ரேஷனா?" என்றார் கஸ்தூரிரங்கன். பிறகு, வரைந்தது யார் என்று கேட்டார்.

பிரதியின் ஓரத்திலிருந்த பெயரை மயிலாப்பூர் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி வைத்திருந்த சிவராமகிருஷ்ணன் கம்பீரமாகச் சொன்னார்: "புருடான்."

"புருடான்னு நீங்களே சொல்லிட்டேளே."

சிரிப்பில் மானம் போவதைப் பார்த்தவர், பாரிஸ் லூவர் மியூசியத்தில் அசலையே நேரில் பார்த்திருப்பதாகவும், அதுவும் அச்சாக இதே அளவுதான் என்றும் அடித்து விட்டார். பாரிஸில் அவர் பார்த்தது விமான நிலையம் மட்டும்தான்; நாலு மணி நேரம், பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி.

பாரிஸில் படித்த யாழ்ப்பாணத்து டாக்டர் நேசமலர் தட்டைக் கீழே வைத்தார். "அந்தாளின்ர பேர் ப்ரூதோன், அண்ணை. அந்தப் படம் ஒரு சுவர் முழுக்க வரும். நீங்கள் எதைப் பாத்தனீங்கள்?"

"போஸ்ட்கார்டா இருக்கும்," என்றாள் விசாலாக்ஷி, சாம்பார் வாளியோடு.

ஓடுகிறவனின் கஷ்டம் சிவராமகிருஷ்ணனுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தலைவர் பதவி வாசல்படி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கஸ்தூரிரங்கன் நிதானமாக மோர் குடித்தார். தீபாவளிக்கு ஹால் தருகிற பள்ளிக்கூடத்தில் எண்பது பேர்தான் வருவோம், சமையல் கிடையாது என்று சங்கத் தலைவர்தான் வருஷா வருஷம் சொல்ல வேண்டும். வருவது முந்நூறு பேர், அடுப்போடு. போன வருஷம் அதைச் சொல்லும்போது தமக்கு நாக்குக் குழறிவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

"கண்ணைக்கூட இமைக்காம புருடா விடற மனுஷர். இவரை விட்டா வேற யாரு?"

ஏகமனதாகத் தேர்வு. முன்மொழிந்தது நேசமலர்.

ஏற்புரையில் புதிய தலைவர் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டார்: தம்மைப் பட்டப்பெயரால் கூப்பிடுவதாயிருந்தால், ப்ரூதோன் என்று சரியாக உச்சரிக்க வேண்டும். தீர்மானம் தோற்றது.