ஊசியின் வலது காது

சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கால்சட்டைகளின் நீளம் குறைப்பவளுக்குக் கடையில் எல்லோரும் வைத்த பெயர் ஊசி. தொழிலுக்குப் பாதி, வாய்க்குப் பாதி. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே கட்சிதான். அறுபதுகளில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த அந்த நாலு பேர் ராக் குழுவை ரசிப்பவர்கள் ஒன்று, ரசனை கெட்டவர்கள் இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரன் எவனுக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

அதனால்தான், வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேன்காரர் திங்கட்கிழமை வந்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டபோது, "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றாள். நல்ல மனுஷர். அவளுக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன். அதற்காகப் பரீட்சை வைக்காமல் விட்டுவிடுவாளா?

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்திரி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பாடம் நடந்தது. இயர்போனின் வலது முனை அவள் காதில், இடது முனை அவர் காதில். இடது காதில் அவள் எதையும் மாட்டுவதே கிடையாது. கடையில் அந்தக் காது கவுன்டர் மணிக்கு, வீட்டில் அம்மா கூப்பிடும் குரலுக்கு. பத்து வருஷமாக ஒற்றைக் காதால் கேட்டே அந்தக் குழுவைக் கரைத்துக் குடித்தவள் அவள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதும் அவள் கேள்வியை எடுத்தாள்.

"ரெண்டாவது வரியில ரெண்டு குரல் ஒண்ணா சேருமே, எப்படி இருந்துச்சு?"

வேன்காரர் திருதிருவென்று விழித்தார். "குரலா? அவங்க பாடுவாங்களா என்ன?"

"என்னது?"

"இல்லீங்க, டிரம்ஸ் அடிக்கிறாரே, அவரு பிரமாதம். நேத்து சிக்னல்ல நின்னப்போ ஸ்டியரிங்ல அதையே தட்டிட்டிருந்தேன். பச்சை விழுந்ததே தெரியல. பின்னாடி வந்தவன் கண்டபடி திட்டிட்டான்."

"டிரம்ஸா? அவங்க குரலை மட்டுமே நம்பிப் பாடுறவங்க. அதுக்கே ஒரு தைரியம் வேணும்."

நாலு நாளும் இந்த மனுஷர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இந்த நாடகம்? வேனை எடுத்துட்டுக் கிளம்புங்க."

"சத்தியமா பிடிச்சிருக்குங்க. இந்தா, இப்பக்கூட அடிக்கிறாரு!"

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் இடது காதில் செருகினாள்.

உள்ளே ஒரே அமர்க்களம். என் பாட்டுக்குள் புகுந்து எவன் இப்படித் தட்டுகிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் காலத்தில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமுமாகப் பிரித்துப் பதிவு செய்வதுண்டு என்பது கரைத்துக் குடித்தவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஆல்பத்தின் அட்டைப் படத்தில் நாலாவதாக நிற்கும் ஆளுக்கு என்னதான் வேலை என்று பத்து வருஷமாக இருந்த சந்தேகமும் தீர்ந்தது. இப்போது குரல்கள் அந்தத் தாளத்தின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டு ஓடின. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க, அழறீங்களா? நான் கிளம்பிடட்டுமா?"

"பேசாம உட்காருங்க." இரண்டு முனைகளையும் கழற்றி அவர் காதுகளில் மாட்டினாள்.

வேன்காரரின் வாய் மெல்லத் திறந்தது. "அடேயப்பா! பாடுறாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பாட்டு முடிந்தபின் அவள் பக்கம் திரும்பினார். "முழுசா கேக்குறப்போ அமர்க்களமா இருக்குங்க. ஆனா ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் சும்மா உட்கார வேண்டியிருக்கே."

"ஸ்பீக்கர் வாங்கிடலாம். ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு."

"வாங்கி எங்க வைக்கிறது? வேன்லயா?"

"வேன்ல எதுக்கு? வீட்டுலதான்."

"யார் வீட்டுல?"

இந்த மனுஷருக்கு எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

"நம்ம வீட்டுல," என்றாள் ஊசி. "சீக்கிரம் ஒண்ணு பாருங்க."