முத்திரை இல்லாத பயணம்

1765 நவம்பரில் எங்கள் பாய்க்கப்பல் கூரைப்பலகையும் உப்புக்கறியும் ஏற்றிக்கொண்டு, கடல் கடந்து லண்டன் ஆண்ட எங்கள் குடியேற்றத்தின் கேப் ஃபியர் ஆற்றில் தயாராக நின்றது. லண்டன் ஆண்ட இன்னொரு குடியேற்றமான பார்படோஸ் தீவில் என் மகள் டாமரிஸுக்கு ஜனவரியில் முதல் பிரசவம். "அம்மா, நீ வந்துடு" என்று எழுதியிருந்தாள்.

அந்த மாதம்தான் லண்டன் நாடாளுமன்றத்தின் முத்திரை வரி அமலுக்கு வந்தது. இனிமேல் கப்பல் புறப்படும் அனுமதியைக்கூட அவர்கள் விற்கும் முத்திரைத் தாளில்தான் எழுத வேண்டும். தாள் விற்க நியமிக்கப்பட்டவரை ஊரே சூழ்ந்து பதவி விலகவைத்தது. முன்வரிசையில் என் கணவர் அப்சலோம். நானும் கை தட்டினேன்.

மறுநாள் இருவரும் கப்பல் புறப்பட அனுமதி கேட்டுச் சுங்க அதிகாரியிடம் போனோம்.

"விட மாட்டேன்னு சொல்லலையே அப்சலோம். முத்திரைத் தாள் குடு, இப்பவே எழுதித் தர்றேன்" என்றார் அவர்.

"தாளுக்கு எங்க போறது?"

"விக்கிறவனத் துரத்தினது யாரு, நானா?"

லண்டனிலிருந்து ஒரு போர்க்கப்பலில் தாள்கள் வந்தபோதும் கரை இறங்கவில்லை. இறக்க எங்கள் ஆட்கள் விடவில்லை. டிசம்பரும் போயிற்று.

"ஏங்க, ஒரே ஒரு தாளு. யாருக்கும் தெரியாம வாங்க முடியாதா?" என்று கேட்டேன்.

அப்சலோம் என் பக்கம் திரும்பினார். "வாங்கலாம் கெசியா. நாளைக்கு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் வரி போடுவான். அந்த லண்டன் சபையில நமக்காகப் பேச ஒருத்தன் உண்டா? நம்ம மூஞ்சியையாவது பாத்திருக்கானா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. தினமும் துறைமுகத்துக்குப் போய், கட்டிக் கிடந்த கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பிப்ரவரியில் எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கானோர் துப்பாக்கியோடு சுங்க அதிகாரி முன் வந்து நின்றார்கள். அதிகாரி தாள் கேட்காமலே அனுமதி கொடுத்தார். எங்களோடு கிளம்பிய எல்லாக் கப்பல்களிலும் ஒரே ஆரவாரம்.

பார்படோஸ் துறையில் மருமகன் எஃப்ரைம் தனியாக நின்றிருந்தான். தோளில் துணி சுற்றிய குழந்தை.

"பிரசவம் ஆகி ஆறாம் நாள் போயிட்டா அத்தை. காய்ச்சல். ஏன் இவ்வளவு நாளாச்சு? இங்க எல்லாரும் தாள் வாங்கிட்டாங்க. கப்பலெல்லாம் வந்துட்டும் போய்ட்டும்தானே இருந்துது?"

அப்சலோம் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் துறைமுகத்தில் நூறு பேர் நடுவே தடங்கலின்றிப் பேசியவர்.

நான் கையை நீட்டினேன். எஃப்ரைம் குழந்தையைக் கொடுத்தான். பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை என்றான்.