முன்வாசலில் ஒன்பது பேர்

இங்கிலாந்தின் நாரிச் நகரில் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பீர் கடைகள். அதில் ஒன்றையாவது மூடியே தீருவது என்று 1907-ல் நீதிபதிகள் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டது கெசையா லார்ட்டரின் ‘மூன்று வாத்து’. கணவன் போன பிறகு அந்தக் கடையை நம்பித்தான் அவள் பிழைத்துவந்தாள்.

கோர்ட்டில் சார்ஜென்ட் பன் நோட்டைப் பிரித்தார்.

“எதிர்ல நின்னு ஒரு வாரம் எண்ணுனேன் ஐயா. மொத்தமே ஒன்பது பேர்தான் உள்ள போனாங்க. இந்தக் கடை யாருக்கும் தேவையில்ல.”

அந்தப் புத்திசாலி எண்ணியது முன்வாசலை. முன்வாசலுக்கு நேர் எதிரே மெதடிஸ்ட் சபை. இனி குடிப்பதில்லை என்று அந்தச் சபையில் கையெழுத்துப் போட்டிருந்த பூட்ஸ் தொழிற்சாலை ஆட்கள் நாங்கள் முப்பது பேர். கரிச் சந்து வழியாகப் பின்கதவில்தான் நுழைவோம். முன்வாசலில் போக எங்களுக்கென்ன பைத்தியமா?

கெசையா எங்கள் பக்கம் திரும்பினாள்.

“என் கடைக்கு வர்றவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்கப்பா. அது போதும்.”

முப்பது பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் எங்கள் மனைவிமார் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“அடப்பாவிங்களா! ‘கெசையாக்கா, இன்னும் ஒரே ஒரு கோப்பை’ன்னு கெஞ்சுற வாயெல்லாம் இப்ப எங்கடா போச்சு?”

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்தவள் என் மனைவி திர்ஸா.

“ஐயா, எங்க வீட்டுக்காரரு ஜெபக்கூட்டம்னு சொல்லிட்டு தினமும் அங்கதான் கெடக்குறாரு. சாப்பாடு ஆறிப்போச்சுன்னா பின்கதவ ரெண்டு தட்டு தட்டுவேன், ஆளு வந்துடும். அத நீங்க மூடிட்டா, மிச்ச பத்துக் கடையில இந்த மனுஷன நான் எங்கன்னு போய்த் தேடுறது?”

“எனக்கும் அதே கதிதான் ஐயா!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கடைக்கு உரிமம் கிடைத்தது.

எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் வழக்கம்போலக் கரிச் சந்துக்குள் நழுவப் பார்த்தேன். திர்ஸா என் காலரைப் பிடித்தாள்.

“அங்க எங்க போறீங்க? முன்வாசல்லயே நடங்க. எனக்கும் தொண்ட காயுது.”

சபைப் படியில் போதகர் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற சார்ஜென்ட் பன் நோட்டைத் திறந்து, பத்து, பதினொன்று என்று எழுதிக்கொண்டார்.