கழுத்தளவு

சவரிராயன் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஜூலை பிறந்துவிட்டால் அவர் மகன் ஜோசப் ஆனந்துக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அந்தச் சின்னத் தையல் கடைக்குள் அப்பா வந்து, கைகளைத் தொங்கவிட்டு, அளவுக்கு நிற்பதுபோலவே இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா அவர். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் புதுச் சட்டை வேண்டும். அளவும் புதிதாக எடுக்க வேண்டும். போன வருஷ அளவு என்றால் கோபம் வந்துவிடும். கொளுத்துகிற வெயிலிலும் மேல் பொத்தானைப் போட்டே தீருகிற மனுஷன்.

காலரை அவர் கோல் என்றுதான் சொல்வார். பட்டாளத்தில் பழகிய பிரெஞ்சுச் சொல். "ஆனந்து, கோல் கொஞ்சம் லூசா வுடுடா, இறுக்குது." கடைசி மூன்று வருஷமும் இதையேதான் சொன்னார். ஆனந்தும் விட்டான். முதலில் கால் இன்ச், அப்புறம் அரை இன்ச், அப்புறம் இன்னொரு அரை. "உங்க பென்ஷன் எல்லாம் கழுத்துலதாம்ப்பா சேருது" என்று கிண்டல் வேறு செய்தான். அப்பா சிரித்தார். காற்று வந்ததே தவிர சத்தம் வரவில்லை. அதையும் வேடிக்கை என்றே மகன் எடுத்துக்கொண்டான்.

அது அப்படிப்பட்ட குடும்பம். தெருவில் விசாரித்தால் குண்டு வீடு என்று கை காட்டுவார்கள். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. உடம்பு பெருத்தால் கழுத்தும் பெருக்கும், தையல்காரன் துணி விடுவான், அவ்வளவுதான் கணக்கு. சவரிராயன் மூச்சுத் திணறி ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தபோதும், பருத்த உடம்பு, நெஞ்சு தாங்கவில்லை என்று பேசிக்கொண்டு அடக்கம் செய்தார்கள்.

இந்த ஜூலையில் கடையில் நின்றது வெரோனிகா, ஆனந்தின் ஒரே மகள். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. மாப்பிள்ளை வீடு மூலக்குளத்தில். கழுத்தை மூடிய லேஸ் காலர் வைத்து வெள்ளைக் கவுன் கேட்டிருந்தாள். காலர் வைத்த நிச்சயதார்த்த ஜாக்கெட்டுக்கு எட்டு மாசத்துக்கு முன்னால் எடுத்த அளவை வைத்து ஆனந்த் வெட்டித் தைத்துவிட்டான். பெற்ற மகளின் அளவு தெரியாதா என்கிற தெனாவட்டு.

போட்டுப் பார்த்தபோது இடுப்பு தொளதொளவென்று நின்றது. ரெண்டு இன்ச் பிடிக்க வேண்டும். காலரோ பின்பக்கம் ஊக்கு எட்டவே இல்லை.

"ஆறு கிலோ கொறைச்சிருக்கேன்ப்பா. இது மட்டும் ஏன் பூட்ட மாட்டேங்குது?" என்றாள். கல்யாணத்துக்காக நாலு மாசமாக அரை வயிற்றுச் சாப்பாடு. குரல் கரகரவென்று வந்தது.

"சோறு திங்காம தொண்டை வறண்டு கெடக்குது" என்றாள் அவள் அம்மா சூசைமேரி. "காலரைக் கொஞ்சம் லூசா வுடுங்க. கழுத்துல சதை போட்டிருக்கும்."

முப்பது வருஷமாகத் தன் கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்து ஆனந்த் மகளின் கழுத்தைச் சுற்றினான். பதினைந்து. எட்டு மாசத்துக்கு முன்னால் பதினாலே கால். இடுப்பு குறைந்திருக்கிறது, மார்பு குறைந்திருக்கிறது, கழுத்து மட்டும் கூடியிருக்கிறது. இது என்ன கூத்து என்று நினைக்கும்போதே அவன் கண் பரணுக்குப் போனது. இதே கூத்தை அவன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்.

பரணில் கிடந்த பழைய அளவு நோட்டுகளைக் கிளறி அப்பாவின் பக்கத்தைக் கண்டுபிடித்தான். வருஷத்துக்கு ஒரு வரி. மார்பு நாற்பத்திரண்டு, கழுத்து பதினைந்தரை. அடுத்தடுத்த வருஷங்களில் ரெண்டும் சேர்ந்து ஏறின. கடைசி மூன்று வரிகளில் மார்பு நாற்பத்திநாலு, நாற்பத்திமூணு, நாற்பத்தொண்ணு. கழுத்து பதினாறே முக்கால், பதினேழேகால், கடைசியாகப் பதினேழே முக்கால். எல்லாம் அவன் கையெழுத்து. உடம்பு உருகிக்கொண்டிருந்த மனுஷனுக்குக் கழுத்தில் மட்டும் துணி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். தையல்காரன் கண்ணுக்கு இதுகூடவா தெரியவில்லை? தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான்.

சூசைமேரிக்கு முகம் மாறிவிட்டது. "இருவது நாள்ல கல்யாணம். இப்போ ஸ்கேனு கீனுன்னு அலைஞ்சா மூலக்குளத்துக்காரங்க என்னா நெனைப்பாங்க? முடியட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம். இப்போ காலரைப் பிரிச்சி வுடுங்க."

அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. காலருக்குள் முக்கால் இன்ச் துணி மடித்துவிட்டிருந்தான். பிரித்தால் போதும், கல்யாணம் நடந்துவிடும். பிளேடை எடுத்து ரெண்டு தையலை அறுத்தான்.

'கோல் கொஞ்சம் லூசா வுடுடா.'

காதோரம், மூச்சுப் படுகிற தூரத்தில் கேட்டது. சத்தமில்லாத அந்தக் காற்றுக் குரல். ஆனந்த் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா நின்றிருந்தால் என்ன செய்வது? அவருக்கு என்ன பதில் சொல்வது? பிளேடைக் கீழே வைத்துவிட்டான்.

"இவளுக்கு நான் துணி வுட மாட்டேன்" என்றான். "கெளம்பு வெரோனி."

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் குத்திப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்குக் கழுத்தில் டேப்போடு கடையிலிருந்து அப்படியே கிளம்பிய ஆனந்த், நோட்டைக் கையோடு கொண்டுபோனான்.

"தைராய்டுல புற்று" என்றார் டாக்டரம்மா. "பயப்படாதீங்க, நேரத்தோட வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் நல்லாயிடும். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்று சூசைமேரி முந்திக்கொண்டாள். "குண்டு ஒடம்புதான், வேற ஒண்ணுமில்ல."

ஆனந்த் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். டாக்டரம்மா விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இத வெச்சி உறுதியா சொல்ல முடியாது. ஆனா சந்தேகப்பட வேண்டிய விஷயந்தான்" என்றார். "உடம்பு பெருக்குறது வெறும் சாப்பாட்டால மட்டும் இல்லீங்க. பரம்பரையா வர்ற ஜீனுக்கும் அதுல பங்கு இருக்கு. அதுல சிலது தைராய்டு புற்றுக்கும் வழி பண்ணுதான்னு ஆராய்ச்சி பண்றாங்க. தொடர்பு இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க, இன்னும் முடிவாகல. பருத்த கழுத்துல கட்டி சீக்கிரம் கண்ணுக்கும் தெரியாது. உங்க வீட்டுல எல்லாரும் ஒரு தடவ பாத்துக்குங்க. நீங்களும்தான்."

சூசைமேரி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். காலையில்தான் மூலக்குளத்துக்குப் பரிசோதனை விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் போனை வைத்துவிட்டார்கள். ஆனந்துக்கு அதெல்லாம் இப்போது பெரிதாகத் தெரியவில்லை. மகள் பிழைப்பாள். அது போதும், அது போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான். "ஒரே அளவுச் சட்டைய வெச்சித்தான் பத்து வருஷமா எனக்குத் தெச்சிக்கிறேன். அளவு மாறவே இல்ல."

வெரோனிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க மேல் பட்டன் போட்டு எவ்ளோ நாளாச்சி?"

"வெயிலும்மா."

"கிறிஸ்மஸுக்கும் போடலியேப்பா."

ஆனந்த் என்னவோ சொல்ல வாயெடுத்துச் செருமினான். அவள் எழுந்து வந்து, அவன் தோளில் தொங்கிய டேப்பின் ரெண்டு முனையையும் பிடித்து முன்னால் இழுத்தாள். அத்தனை வருஷமும் சும்மா தொங்கிய டேப் முதல்முறையாக அவன் கழுத்தைச் சுற்றி மூடியது. குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"பதினேழே முக்கால்ப்பா."

டாக்டரம்மாவின் விரல் இன்னும் நோட்டின் கடைசி வரியிலேயே இருந்தது.

வெரோனிகா டேப்பை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும் ஆனந்துக்குக் கழுத்து இறுக்கியது. கோலைத் தளர்த்திக்கொள்ளக் கையைக் கொண்டுபோனான். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.