ஒற்றைக் கை செட்டிங்

கணவன் விபத்தில் இறந்த பிறகு, சும்மா கிடந்த அவன் போனைத் தம்பிக்குக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, மாமா அந்தத் துப்பாக்கி கேம்ல எல்லா பட்டனையும் வலது ஓரத்துலயே குமிச்சு வச்சிருந்தாரு. கிராபிக்ஸும் அடிமட்டம். இப்படியா விளையாடுவாங்க? எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டேன்," என்றான் தம்பி பெருமையாக.

டயாலிசிஸ் கட்டிலில் அவள் கிடக்கும் நேரமெல்லாம் கணவனின் இடது கை அவள் கைக்குள் இருக்கும். சார்ஜ் தீராதபடி கிராபிக்ஸைக் குறைத்துவிட்டு, வலது கட்டைவிரல் ஒன்றாலேயே ஓடுவான், சுடுவான், தோற்றுக்கொண்டே இருப்பான். "உங்களுக்கு இந்த கேம்தான் பெண்டாட்டி," என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பாள். அப்போதும் அவன் அந்தக் கையை எடுத்ததில்லை.

போனை வெடுக்கென்று பிடுங்கினாள். பக்கத்தில் படுத்தபடி பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். சுடும் பட்டன் இங்கே, குதிக்கிற பட்டன் அதற்குக் கீழே என்று ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள்.

கடைசியில் சென்சிட்டிவிட்டி வந்தது. விரலை அசைத்தால் திரை எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்கிற எண்.

"இது எவ்ளோக்கா வைக்கணும்?"

அது கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை. அவன் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும்.