மருத்துவர் காத்திருக்கிறார்

அவளுடைய அப்பா முப்பத்தொரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். முதுகு இனித் தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு மனிதர் பேச ஆளில்லாமல், வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைக் காணப் பொறுக்காமல்தான் மகள், தான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஆன்லைன் விளையாட்டை அவருக்குக் கணினியில் போட்டுக் கொடுத்தாள்.

ஐந்து பேர் குழுவாகக் குகைக்குள் இறங்கி அரக்கர்களோடு மோதும் விளையாட்டு அது. கேடயக்காரர், வாள்வீரர், வில்லாளி, மந்திரவாதி, மருத்துவர் என்று ஆட்டக்காரர்களில் ஐந்து வகை. அப்பா யோசிக்கவே இல்லை. மருத்துவர் என்றார்.

"இத்தனை நாளா ஆளைக் கொண்டுபோய் விடுற வேலைதான் பாத்தேன். பாதிப் பேரு பொழைச்சாங்களான்னுகூட எனக்குத் தெரியாது. இங்கயாவது கண்ணால பாக்குறேன்."

இரண்டு மாதம் அங்கே இங்கே ஒட்டிக்கொண்டு திரிந்தவருக்குக் கடைசியில் ஒரு குழு அமைந்தது. கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் கேடயக்காரர். விடியற்காலை வேலையை முடித்துவிட்டு வரும் பேக்கரிக்காரப் பெண். எந்நேரமும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருக்கும் ஒரு மாமன், மச்சான். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. தினமும் காலை பதினொன்றுக்கு ஆஜர். அப்பாவுக்கு அங்கே 'ஆம்புலன்ஸ்' என்று பெயர். ஒருநாள் காய்ச்சலில் அவர் போகவில்லை. நான்கு பேரும் குகைக்குள் இறங்காமல் வாசலிலேயே காத்துக் கிடந்தார்களாம். அந்தக் கதையை மகளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மகளுக்கு எண்களோடு வேலை. ஒரு வாள் எவ்வளவு வெட்டும், மருத்துவரின் கை எவ்வளவு ஆற்றும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு வைப்பவள் அவள். அந்த வருஷம் புதிதாக ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். விலங்காளர். கூடவே ஒரு பிராணி வரும். கரடி குறுக்கே நின்று அடி வாங்கும், பருந்து தூரத்திலிருந்து தாக்கும், ஓநாய் குழுவில் எல்லோருடைய காயத்தையும் நக்கி ஆற்றும். ஓநாய் ஆற்றும் அளவுக்கு அவள் எட்டு என்று போட்டிருந்தாள், மருத்துவரின் பத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. மேலாளர் இருபது ஆக்கச் சொன்னார். புதுசு என்றால் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டாமா என்றார். அரை நாள் வாதாடிப் பார்த்தாள். அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. சமாளித்துக்கொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இருபது போட்டாள்.

வெளியான ஒரே வாரத்தில் விளையாட்டே தலைகீழானது. பருந்து தங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதென்று வில்லாளிகள் புலம்பினார்கள். கரடியைப் பார்த்துக் கேடயக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் அவர்களுக்கு எங்கேயோ ஓர் இடம் கிடைத்தது. மருத்துவர்களைத்தான் சீந்துவார் இல்லை. ஓநாயோடு ஒரு விலங்காளர் வந்தால் காயமும் ஆறுகிறது, சண்டைக்கும் ஒரு கை கூடுகிறது. அப்புறம் மருத்துவர் எதற்கு?

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் நடந்ததுதான் தெரியாது. தினமும் சாப்பிடும்போது அப்பா சிரித்துக்கொண்டே கதை சொல்வார். மச்சான் வழி தவறிப் போய்ச் சேற்றில் விழுந்தது, பேக்கரிக்காரப் பெண் அவனைக் கிண்டல் செய்தது, எல்லாம்.

ஒருநாள் அலுவலகத்தில், குழு கிடைக்க மருத்துவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தாள். முன்பு சராசரி நான்கு நிமிடம். இப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மிக அதிகமாகக் காத்திருப்பவர்களை மேலே கொண்டுவந்து பார்த்தாள். ஏழாவது வரியில் அப்பா இருந்தார். நுழைந்தது பத்து ஐம்பதுக்கு. வெளியேறியது இரண்டு பத்துக்கு. சேர்ந்த குழு, இல்லை. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும். பத்தொன்பது நாட்களாக அப்பா விளையாட்டுக்குள் இருக்கும் ஊர்ச் சதுக்கத்தில் தன்னந்தனியாக நின்றிருக்கிறார், தலைக்கு மேல் 'மருத்துவர் காத்திருக்கிறார்' என்ற எழுத்தோடு.

அன்று மாலை, இன்றைக்கு எப்படிப் போனது என்று கேட்டாள்.

"ஜோரா போச்சு. கேப்டனை ரெண்டு தடவை காப்பாத்தினேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

அதன்பிறகு மேலாளரைப் பாடாய்ப் படுத்தி எடுத்தாள். ஓநாயை ஒன்பதுக்கு இறக்க அவர் சம்மதிக்கவே ஐந்து வாரம் ஆனது. மாற்றம் வெளியான அன்று விடுப்புப் போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர்பார்த்தபடியே அழைப்புகள் வரிசையாக வந்தன. வா, மருத்துவர் வேண்டும், உடனே வா. அப்பா ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா, போகலையா?"

"கேப்டன் வருவாரும்மா. 'இன்னைக்கு மட்டும் ரெஸ்ட் எடுத்துக்குங்க, ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஓநாயோட வர்றாரு'ன்னு சொன்னாரு. அவரு தேடி வர்றப்போ நான் வேற குழுவோட இருந்தா நல்லா இருக்காது."

அந்த 'இன்னைக்கு' போய்க் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குழு கலைந்துபோனதை முன்பே பார்த்திருந்தாள். கேப்டன் உள்ளே வந்தே மூன்று வாரம் ஆகிறது. மாமனும் மச்சானும் வேறு குழுவோடு சாயங்காலத்தில் ஆடுகிறார்கள். பேக்கரிக்காரப் பெண் தன் விளையாட்டுக் கணக்கையே அழித்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஓநாய்க்கு எண் போட்டது நான்தாம்ப்பா," என்றாள்.

"தெரியும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"புதுசு வந்த அன்னைக்கு ஆரம்பத்துல அதைச் செஞ்சவங்க பேரெல்லாம் திரையில ஓடுச்சே. விலங்காளருக்கு நேரா உன் பேரு. நிறுத்திவெச்சுப் படிச்சேன். அம்மா இருந்திருந்தா தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பா."

"அப்புறம் ஏன் என்கிட்ட தினமும் அப்படிச் சொன்னீங்க?"

"நீ ராத்திரி பகலாப் பாத்த வேலை. அதுல போய் நான் குறை சொல்லுவேனா?"

அவள் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் இடது கையால் மகளின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். வலது கை இன்னும் மௌஸின் மேலேயே இருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒரு மந்திரவாதி அழைத்துக்கொண்டிருந்தார். வந்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்று தட்டச்சு செய்திருந்தார். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, மன்னிக்கணும், எனக்கு ஒரு குழு இருந்தது என்று பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தார்.

மறுபடி அவர் அதைத் திறக்கவே இல்லை.